வைத்தியசாலை வாசலில் பதினெட்டுக் கேள்வி

முன்னொரு காலத்திலே மணலாற்றுச் சீமையை வச்சிரபூபதி என்றொரு ராசா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் கடைசியாக யார் புகழ்ந்தார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவான். அவன் கட்டிய வைத்தியசாலைக்குள் கண்டவனும் நுழையக் கூடாதென்று பிரதானி சிங்கப்பர் வாசலில் கேள்விகள் வைத்தார். ராசா "பேஷ்!" என்றால் போதும், மறுநாளே பட்டியலின் தலையில் புதுக் கேள்வி ஒன்று ஏறிவிடும். இப்படி ஏறி ஏறிப் பதினெட்டு ஆயிற்று. முதன்முதலில் எழுதிய "உயிருக்கு ஆபத்தா?" என்பது அடியில் கிடந்தது. அதற்கு ஆம் என்றால் வேறெதுவும் கேட்காமல் கதவைத் திறக்க வேண்டும் என்பது சட்டம். அநியாயத்தைப் பாருங்களய்யா, அதைக் கேட்கவே மற்ற பதினேழையும் தாண்ட வேண்டும்!

ஓடக்காரன் வீரணனின் மனைவி பேச்சாயியைப் பாம்பு கடித்தது. தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். காவலன் ஓலையைப் பிரித்து ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். பதினோராவது முடிந்ததும் அவள் தலை சாய்ந்தது. வீரணன் கதவை உதைத்து உடைத்து உள்ளே போனான். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டதென்று கையை விரித்தார்.

மறுநாள் சபையில், "ராசாவின் கதவை உடைத்தவனுக்குச் சிரச்சேதம்தான்!" என்று குதித்தார் சிங்கப்பர். வீரணனின் முகம் அழுது வீங்கியிருந்தது. எனக்கே வயிறு எரிகிறது.

சிங்கப்பருக்குக் கண்ணில் கண்டாலே ஆகாத மந்திரி ஆவுடையப்பர் எழுந்தார். "சாப்பிட்டபின் தீர்ப்புச் சொல்லலாம், மகாராசா. பிரதானியின் முறை எவ்வளவு அருமை! இன்று தங்கள் தண்ணீர்க் குடத்துக்கும் அதையே வைப்போம். அவரே கேட்கட்டும்."

"பேஷ்!" என்றான் ராசா. சிங்கப்பருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ராசா சாப்பிட உட்கார்ந்தான். மந்திரி சமையல்காரனிடம் சொல்லிவைத்தபடி கூட்டுக்கறியில் காந்தாரி மிளகாய் கிடந்தது. கடித்தான். "தண்ணி! தண்ணி!"

சிங்கப்பர் ஓலையைப் பிரித்து, "தங்கள்... ஊர் எது?" என்றார்.

"அட பாவி, நான் ராசாடா!"

"தகப்பனார் பேர்?"

நாலாவது கேள்வி முடியவில்லை. சிங்கப்பரைப் பிடித்துத் தள்ளிவிட்டுக் குடத்தை அப்படியே தூக்கிக் குடித்தான் ராசா.

"மகாராசா," என்றார் மந்திரி மெதுவாக, "ஒரு மிளகாய்க்குத் தாங்கள் நாலு கேள்வி பொறுக்கவில்லை. இவன் பெண்டாட்டி உயிரைத் தோளில் வைத்துக்கொண்டு பதினொன்று பொறுத்தான்."

ராசா தலைகுனிந்தான். "வீரணனை விடுங்கள். உயிருக்கு ஆபத்தா என்பதையே முதலில் கேளுங்கள். ஆம் என்றால் அதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். சிங்கப்பா, இனி வாசலில் நீயே நின்று அதைக் கேள், நோயாளியை நீயே தூக்கிக்கொண்டு போ." மந்திரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான்.

"வீரணா, உனக்கு என்ன வேணும்?"

"என்ன கேக்குறது சாமி? எனக்குப் பதட்டத்துல நாக்கு எழல. பதினொண்ணுக்கும் அவளேதான் பதில் சொன்னா. கடைசியா, 'கிழக்குப் பாத்த வீடு'ன்னா. வாசக்காரன்கிட்ட சொன்னா சாமி. எங்கிட்ட ஒரு வார்த்தை பேச அவளுக்கு நேரமில்லாமப் போச்சு."