அரசி கொடுத்த கம்பளம்

புல்வெளியை ஆண்ட மங்கோலியக் கான்களின் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அரச ரத்தம் மண்ணில் சிந்தக் கூடாது. ஆகவே சொந்தக்காரன் ஒருவனைத் தீர்த்துக்கட்ட நினைத்தால், அவனைத் தடித்த கம்பளத்தில் சுருட்டிக் கட்டி, அதன் மேல் குதிரைகளை ஓட்டுவார்கள். ஒரு சொட்டு ரத்தம் வெளியே வராது. பிறகு கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். பாவம் தீண்டவில்லையாம்!

புரேன் கானின் மூத்த அரசி நோமின் அன்று காலை குருவின் கூடாரத்துக்குள் நுழைந்தபோது கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. குதிரையைக் கட்டக்கூட அவள் நிற்கவில்லை.

குரு சோய்ஜின் கிழிந்த காலணிக்கு ஒட்டுப் போட, கத்தியால் தோலை நறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஜிர்காலைப் பிடித்துக் கட்டிவிட்டார்கள்” என்றாள் அரசி. “வெயில் தாழ்ந்ததும் கம்பளத்தில் சுருட்டப் போகிறார்களாம்.”

“கானின் அண்ணன் மகன்தானே?”

“அண்ணன் மகனா? அவன் என் மகன்! தாய் செத்த அன்று கைக்குழந்தையாக என் மடியில் வந்து விழுந்தவன். என் பிள்ளைக்கு ஒரு பக்கம், அவனுக்கு ஒரு பக்கம் என்று பால் கொடுத்து வளர்த்தேன்.”

“என்ன செய்தான்?”

“விருந்தில் முதல் துளிப் பாலைத் தன் அப்பன் பெயரைச் சொல்லித் தெளித்தான். அவ்வளவுதான். செத்தவருக்குப் பிள்ளை பால் தெளிப்பது குற்றமா? அந்தப் பெயரைக் கேட்டதும் கான் அவனைப் பிடிக்கச் சொல்லிவிட்டார். அந்த அண்ணனைக் கொன்றவர் அவரல்லவா!”

குரு தோலைக் காலணியின் மேல் வைத்துப் பார்த்தார். அளவு சரியாக இல்லை. மறுபடியும் நறுக்கத் தொடங்கினார்.

அரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எறும்பை மிதிக்காதே என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். கான் உங்கள் காலில் விழுந்து எழுகிறவர். போய் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நேற்றே சொன்னேன். யாரை, எதற்கு என்று அவர் சொல்லவில்லை. ரத்தம் சிந்தாதபோது அது கொலை ஆகாது என்றார்.”

“அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வந்துவிட்டீர்களா? வந்து செருப்புத் தைக்கிறீர்களா? வெட்கமாக இல்லை?”

குரு தோலை நறுக்கிக்கொண்டே இருந்தார்.

“எழுந்திருங்கள்!” என்று கத்தினாள் அரசி. “நீங்கள் உட்கார்ந்திருப்பது என் கம்பளம். நானே ஆட்டு மயிரை அடித்து, நனைத்து, சுருட்டிச் செய்தது. அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவருக்கு அதைக் கொடுத்து வைக்க எனக்குச் சம்மதமில்லை. கொடுங்கள் அதை!”

குரு உடனே எழுந்தார். கம்பளத்தைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தார். வெறும் தரையில், அந்தக் குளிரில், காலை மடக்கி உட்கார்ந்தார்.

அரசி கம்பளத்தை அணைத்தபடி நின்றாள். இவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிடுவார் என்று அவள் நினைக்கவில்லை.

“கேட்டாய், கொடுத்துவிட்டேன்” என்றார் குரு. “உன் பொருள். உனக்குத்தான் உரிமை.”

குரு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“ஜிர்காலைச் சுருட்டப்போகும் கம்பளம் யாருடையது?”

“அது... அரச உடம்பில் வெளியார் வீட்டுக் கம்பளம் படக் கூடாது. கானின் வீட்டுப் பெண்கள் கையால் செய்ததாக இருக்க வேண்டும்.”

“யார் கையால் செய்தது என்று கேட்டேன்.”

“காலையில் கான் ஆள் அனுப்பியிருந்தார்.”

“யாரிடம்?”

“என்னிடம்.”

“கொடுத்தாயா?”

“கேட்டால் கொடுப்பதுதான் வழக்கம். காலங்காலமாக...” அவள் கையிலிருந்த கம்பளத்தைக் குனிந்து பார்த்தாள். “தூசி தட்டி வெயிலில் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.”

“இவன் அப்பனைச் சுருட்டியது?”

நோமின் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கானைத் திட்டித் தீர்த்தவளுக்கு இப்போது தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“அதுவும் என்னுடையதுதான்” என்றாள் கடைசியில்.

குரு கத்தியைத் துடைத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

“தடித்த கம்பளத்தை வெட்டக் கை பலம் மட்டும் போதாது. இது நன்றாகத் தீட்டியது.”

அவள் வாங்கிக்கொண்டாள். கையிலிருந்த கம்பளத்தைக் குருவின் முன்னால் விரித்துப் போட்டுவிட்டு வாசல்வரை போனவள், திரும்பினாள்.

“என்னுடையதை நான் துண்டு துண்டாக வெட்டிப்போட்டால், கான் இளைய அரசியிடம் கேட்பார். அங்கேயும் கிடைக்காவிட்டால் தன் தாயிடம் கேட்பார். அப்போது என்ன செய்வது?”

குரு கிழிந்த காலணியை அப்படியே ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“கானின் ஆள் வருவதற்கு முன்னால் அவர்களிடமும் கத்தியைக் கொடு. இன்றைக்கு எனக்கு அது வேண்டாம்.”