மூன்று தட்டு

இது நான் நேரில் பார்த்ததல்ல. விடுதியில் என் அறையில் இருந்த ஹெலன் சொன்னாள். அவளுக்குச் சொன்னவர் அவளுடைய அத்தை பியூலா டீச்சர். அதனால் ஏதாவது கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம். கேட்ட அன்று நான் சரியாகத் தூங்கவில்லை என்பது மட்டும் உறுதி.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கோயிலில், மோட்டார் ஊதும் காற்றால் குழல்கள் ஒலிக்கும் பெரிய ஆர்கன் ஒன்று இருக்கிறது. கோயிலுக்காகச் செய்ததல்ல அது. மலையூர் ஒன்றின் தியேட்டரில், பேசாத படங்களுக்கு வாசிப்பதற்காகக் கப்பலில் வந்தது. படங்கள் பேசத் தொடங்கியதும் இருபது வருடம் தூசியில் கிடந்தது. பிறகு நாற்பத்தொரு பெட்டிகளில் கழற்றி, லாரியில் இறக்கிக் கொண்டுவந்து, இங்கே மாட்டினார்கள். அதன் விவரத்தாளும் தியேட்டரிலிருந்தே வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசிப்பவர் கண்ணெதிரே மாட்டியிருக்கிறார்கள். இரண்டு கட்டை வரிசை. ஆறு வகைக் குழல்கள், மொத்தம் 437. மிக நீளமானது பதினாறு அடி. குருவிச் சத்தம், குதிரைக் குளம்போசை, ரயில் ஊதல். கடைசி வரி: காற்று நின்றால் பலகைகள் தாமே திறந்துகொள்ளும்.

பலகைகள் என்றால், குழல்கள் நிற்கும் அறைக்கும் கோயிலுக்கும் நடுவே உள்ள ஜன்னலை மூடும் பதினாறு தேக்குப் பலகைகள். எல்லாம் ஒரே இரும்புத் தண்டில் சேர்ந்தவை. வாசிப்பவரின் காலடியில் ஒரு மிதி உண்டு. காற்று ஓடும்போது அதை முன்பாதத்தால் அழுத்தினால் பலகைகள் திறந்து ஓசை பெருகும். குதிகாலால் அழுத்தினால் மூடி ஓசை அடங்கும். வாசித்து முடித்தால் பலகைகளை மூடிவிட்டுத்தான் மோட்டாரை நிறுத்துவார்கள்.

சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முந்தைய நாள். காலை பத்து மணிக்கு, அங்கே ஆர்கன் வாசிக்கும் பியூலா டீச்சர் பலகைகளைத் திறந்துவைத்து வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. ஆர்கன் அடங்கியது. அவர் மேலே பார்க்காமல் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்குப் போனார். மதியம் மின்சாரம் வந்த பிறகு திரும்பி வந்தபோது, கோயிலைக் கூட்டி மணியடிக்கும் கோயில்பிள்ளை வேதமுத்து வாசலிலேயே நின்றார்.

"ஷட்டர் பலகையில ஒரு புறா செத்துக் கெடக்கு டீச்சர்."

"தூக்கிப் போட்டுட்டுக் கையக் கழுவுங்க அண்ணாச்சி."

அவ்வளவுதான் பேச்சு.

சுருதி சேர்க்க ஆசீர்வாதம் என்பவர் மதுரையிலிருந்து வந்திருந்தார். இந்த ஆர்கனை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. விவரத்தாளை இரண்டு முறை படித்துவிட்டு, குழல் அறைக்குள் போகுமுன் இருவரிடமும் சொன்னார்.

"உள்ள போயிட்டா கத்தினாலும் கேக்காது. ஸ்பானரால சுவர்ல தட்டுவேன். ஒரு தட்டுன்னா அடுத்த கட்டை. ரெண்டு தட்டுன்னா அப்படியே பிடிச்சிருங்க. மூணு தட்டு கேட்டா, ஏன் எதுக்குன்னு யோசிக்காம காத்தை நிறுத்தணும். என் உசிரு அதுல இருக்கு."

"நிறுத்திருதேன் சார்," என்றார் வேதமுத்து. மோட்டார் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"மணியடிக்க மறந்து தூங்குனவருதானே நீங்க," என்றார் டீச்சர்.

"அதுக்காவ ஒரு ஆளைக் கொன்னுருவனா, டீச்சர்."

ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஆசீர்வாதத்தின் கையிலிருந்த சிறு கத்தி நழுவி, பலகைகளின் இடுக்கு வழியாக வெளிப்புறத் திட்டில் விழுந்தது. அதை எடுக்க அவர் வலது கையை முழங்கை வரை இடுக்கில் நீட்டினார். அதே நேரம் டீச்சர் அடுத்த கட்டையை அழுத்தினார். பதினாறடிக் குழல் முழங்கத் தொடங்கியது. கட்டையிலிருந்து விரலை எடுத்தும் நிற்கவில்லை. உள்ளே எங்கோ தூசி அடைத்திருக்க வேண்டும். கோயில் முழுவதும் அதிர்ந்தது. டீச்சர் பதறியதில் அவருடைய குதிகால் மிதியில் அழுந்தியது. அது அவருக்கே தெரியவில்லை.

மேலே பலகைகள் பாதி மூடின. இடுக்கில் ஒரு கை. ஐந்து விரல்களும் விரிந்து நின்றன.

சுவரில் மூன்று தட்டு.

டீச்சர் ஸ்விட்சைக் காட்டிக் கையசைத்தார். வேதமுத்து எழுந்தார், ஆனால் ஸ்விட்சைத் தொடவில்லை. டீச்சர் ஓடினார். வேதமுத்து ஸ்விட்சை முதுகால் மறைத்துக்கொண்டார். அந்த முழக்கத்தில் ஒருவர் காதில் ஒருவர் வாய் வைத்துத்தான் பேச முடிந்தது.

"காத்தை நிறுத்துனா பலகை திறந்துரும். தாள்ல போட்டிருக்கு. நகருங்க."

"மூடும் டீச்சர். புறா அப்படித்தான் செத்திச்சு. கழுத்து துண்டாக் கெடந்தது."

"உங்க புறாவ நம்பி ஒரு மனுஷன் கைய விடச் சொல்றீங்களா?"

மறுபடியும் மூன்று தட்டு. இந்த முறை மெதுவாக.

இங்கே நிறுத்துகிறேன். ஆசீர்வாதம் காற்றை நிறுத்தச் சொன்னார். டீச்சர் அவர் சொன்னதையும் தாளில் இருந்ததையும் நம்பினார். வேதமுத்து கொடுத்த வாக்கை மீறினார். மூவரில் யார் செய்தது சரி?

வேதமுத்து செய்ததுதான் சரி என்று நினைக்கிறேன். திறந்திருந்த பலகைகளில் புறா நசுங்கியது என்றால், மின்சாரம் போய்க் காற்று நின்றபோது அவை மூடியிருக்க வேண்டும். அவர் வாக்குக் கொடுத்தது ஆசீர்வாதத்தின் உயிருக்கு, தட்டும் சத்தத்துக்கல்ல. ஆனால் புறா செத்தது என்று மதியம் சொன்னவர் எப்படிச் செத்தது என்று அப்போது சொல்லவில்லை, டீச்சரும் கேட்கவில்லை. டீச்சரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் தாளைத்தான் நம்பியிருப்பேன். அன்று வேதமுத்து, "மிதியை மிதிங்க," என்று டீச்சரைத் திருப்பி அனுப்பினார். டீச்சர் போய் மிதியை முன்பாதத்தால் அழுத்தினார். பலகைகள் திறந்தன. கை நீலம் பாரித்திருந்தது, ஆனால் எலும்பு முறியவில்லை.

போன ஜனவரியில் ஹெலனோடு அந்தக் கோயிலுக்குப் போனேன். குழல் அறையின் உள்சுவரில் பென்சிலால் ஒரு குறிப்பு இருந்தது. இங்கே கொண்டுவந்து மாட்டியவர்கள் எழுதியது: புறாக்கள் உள்ளே கூடு கட்டாதபடி, காற்று நின்றால் மூடும்படி ஸ்பிரிங்கை மாற்றியிருக்கிறோம். எனக்கு அதுவும் போதவில்லை. இப்போதைய கோயில்பிள்ளையிடம் கேட்டு, மணிக்கட்டுக் கனத்தில் ஒரு கரும்புத் துண்டைப் பலகை இடுக்கில் வைத்துவிட்டு மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். பதினாறு பலகைகளும் ஒரே சத்தத்தில் மூடின. கரும்பு நசுங்கிச் சாறு சுவரில் வழிந்தது. இறங்கி வந்து கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தேன். கடைசி வரி அப்படியேதான் இருக்கிறது.