அரியநாயகத்தின் புது சைலன்சர்

பாளையங்கோட்டையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் ஊர்க்காவல் படைப் பெண் செண்பகவல்லி போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதைப் பிளக்கும் சைலன்சர் மாட்டிய வண்டிகளை நகரத்துக்குள் ஓட்டக் கூடாது என்று தடை வந்திருந்த வாரம் அது. கல்யாண மண்டப முதலாளி அரியநாயகம் தன் மோட்டார் சைக்கிளில் தெருவே அதிர வந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என் வண்டி பூனை மாதிரிப் போகும். சத்தம் வருதுன்னா அளந்து காட்டு!" என்றார் அவர்.

அளக்கும் கருவி ஸ்டேஷனில் இருந்தது.

"கருவி இல்லையா? அப்போ கருவி இல்லாமலே நிரூபி. இல்லேன்னா நாளைக்கு உனக்கு இந்த வேலை இருக்காது."

பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டர் எதிரே இருந்த டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். செண்பகவல்லி, "ஸ்டார்ட் பண்ணி முறுக்குங்க ஐயா," என்றாள்.

அவர் பெருமையாக முறுக்கினார். அவள் அருகிலேயே நின்று, வீட்டில் பேசுகிற குரலில் ஏதோ சொன்னாள்.

"என்ன?" என்றார் அரியநாயகம்.

மறுபடியும் சொன்னாள்.

"என்னது?"

மூன்றாவது தடவையும் சொன்னாள்.

"கத்திச் சொல்லும்மா! இந்தச் சத்தத்துல எவனுக்குக் காது கேக்கும்?" என்று அவர் அலறினார்.

டீக்கடைக் கூட்டம் குபீரென்று சிரித்தது. இன்ஸ்பெக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களே ஒத்துக்கிட்டீங்க சார். சைலன்சரை மாத்திட்டு வண்டியை எடுத்துக்கோங்க," என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

"அப்படி என்னதான் சொன்னே?" என்றார் அரியநாயகம்.

"'வண்டியில சத்தமே இல்லை, நீங்க போகலாம்'னுதான் சொன்னேன் ஐயா. மூணு தடவை சொன்னேன்."