மூன்று வீட்டுத் தண்ணீர்

கொங்குச் சீமையில் பகையாளியே வாசலேறி வந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பார்கள். வம்பு வழக்கெல்லாம் அதற்கப்புறம்தான். இந்தக் கதையின் முடிச்சு அந்தச் சொம்பில் இருக்கிறது.

அங்கே ஒரு பேரூராட்சிக்குத் தலைவி வேதவல்லி. மேல்நிலைத் தொட்டி கட்டி வீதிக்கு வீதி குழாய் போட்டவர். சாயப்பட்டறைக் கழிவு அந்தத் தொட்டியில் கலக்கிறது, தெரிந்தே விட்டுவிட்டார் என்று ஆடி நோம்பிப் பண்டிகைச் சமயத்தில் ஒரு வதந்தி கிளம்பியது. தண்ணீரைச் சோதித்ததில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தேர்தல் வந்தது. மக்கள் இதை நம்புகிறார்களா என்று கேட்டுவர அவர் கட்சி பூபாலன் என்ற தொண்டனை அனுப்பியது. பாதிப்பேருக்கு மேல் ஆமென்றால் வேதவல்லிக்கு சீட் கிடையாது.

முதலில் பாவாத்தாள் வீடு. குழாய்த் தண்ணீரை அவனுக்குக் கொடுத்துவிட்டுத் தன் குழந்தைக்கும் புகட்டினாள். "நம்பறேனுங்க. எங்க வீதிக்கு ரோடு போடாதவங்க எதுதான் செய்யமாட்டாங்க?" என்றாள்.

அடுத்தது தறிக்காரர் சென்னியப்பன், எதிர்க்கட்சிக்காரர். அவரும் குழாய்த் தண்ணீரே கொடுத்தார். தாமும் அண்ணாந்து குடித்தார். நம்புவதாகவே எழுதிக்கொள்ளச் சொன்னார். கட்சி ஒன்று சொல்லும்போது தாம் மாற்றிச் சொல்வது அழகில்லையாம்.

மூன்றாவது வீடு வேதவல்லியின் உடன்பிறந்த தம்பி தனசேகருடையது. "எங்க அக்கா அப்படிப் பண்ணுமுங்களா? நான் நம்பலைங்க" என்றவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் மனைவி கேனைச் சாய்த்துச் சொம்பை நிரப்பினாள். ஆடி நோம்பியிலிருந்து விலைத் தண்ணீர்தான் என்றாள்.

ஊர் முழுக்கக் கேட்டதில் ஆமென்றவர்களே அதிகம். சீட் போயிற்று. வேதவல்லி பூபாலனை அழைத்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஊரை விடுங்க. எங்க தனசேகர் என்ன சொன்னான்?"

"நம்பலைன்னாருங்க."

"அது போதுங்க எனக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூபாலன் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினான். பாவம், மீதியை எந்த வாயால் சொல்வான்?

கேட்டவர்களே, இம்மூவரில் அந்த வதந்தியை உண்மையில் நம்பியவர் யார்?

விடை: தம்பிதான். கோபக்காரியும் கட்சிக்காரரும் வாயால் மட்டுமே நம்பினார்கள். நம்பியிருந்தால் பெற்ற பிள்ளைக்கு அந்தத் தண்ணீரைப் புகட்டுவாளா, தாமே குடிப்பாரா? ஆனால் கட்சி எண்ணியது வாய்ச்சொல்லைத்தான். சீட் போன அன்று சாயங்காலம் தனசேகர் ஆறுதல் சொல்ல வந்தான். வேதவல்லி வழக்கம்போல் குழாய்த் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து நீட்டினார். "இப்பத்தான் குடிச்சேன்க்கா" என்று அதை வாங்காமலே உட்கார்ந்தான். அவர் அந்தச் சொம்பை அவன் கண்ணெதிரே தாமே அண்ணாந்து குடித்தார்.