தையலோடு கிழிந்த அங்கி

எப்ரோனுக்குப் போகிற வழியில் ஒரு மலை ஊர். சவுலும் தாவீதும் ஆகாபும் ஆண்டு, ஆடி, அடங்கி, வெறும் கதையாகிப் போன காலம். ராஜாக்கள் போனாலும் ராஜாக்களைப் பற்றிய வாக்குவாதம் போகவில்லை. அந்தக் கதைகளை வைத்து அவ்வூரில் போதித்தவள் யெமீமாள்.

அவளிடம் பாடம் கேட்டவர்களில் ஆசேல் என்பவன் அவளைவிட வயதில் மூத்தவன். தாடி நரைத்தவன். பேரன் எடுக்கிற வயதில் இவனுக்குப் படிப்பு கேட்கிறதா என்று ஊர் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேறு என்ன வேலை.

ஒரு கோடைக் காலையில் ஆசேல் மூச்சு வாங்க வந்து நின்றான். யெமீமாள் முறத்தில் பயறு பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சவுலா, ஆகாபா?"

"வந்ததும் வராததுமாக ராஜாவைக் கேட்டால்? இரண்டு பேரும் என் வீட்டில் இல்லை. உட்காரும்."

அவன் உட்காரவில்லை.

"என் தம்பி யாமீன் அங்கியைக் கிழித்துக்கொண்டு என் வாசலில் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான்."

துக்கத்திலும் மனவருத்தத்திலும் உடுத்திய அங்கியைக் கிழிப்பது அந்த ஜனங்களின் வழக்கம்.

"யார் செத்தது?"

"யாரும் சாகவில்லை. அவனுடைய தொட்டி வெடித்துவிட்டது."

அந்த ஊரில் ஆறு கிடையாது. மாரியில் விழுகிற தண்ணீரைப் பாறையில் வெட்டிய தொட்டியில் பிடித்துவைத்து, அதைக்கொண்டுதான் கோடையைத் தள்ளவேண்டும். யாமீனின் தொட்டியில் வெடிப்பு விட்டு, இருந்த தண்ணீரையெல்லாம் பாறை குடித்துவிட்டது. அடுத்த மழையான முன்மாரி வெகு தூரத்தில் இருந்தது.

"உம் தொட்டியில் தண்ணீர் கேட்கிறான்."

"ஆமாம். போன கோடையில் என் தொட்டி வற்றியபோது நானும் கேட்டேன். அவன் தொட்டி வாயில் கல்லைப் புரட்டி வைத்தான். என் பெண்டாட்டி கெசியாள் பள்ளத்தாக்கு ஊற்றுக்கு ஏறி இறங்கிக் கால் வீங்கினாள். அங்கே சொட்டியது எங்கள் தொண்டைக்கே காணவில்லை. ஆடுகள் கண்ணெதிரே செத்தன."

"தெரியும். ஊரே பார்த்தது."

"ஊர் பார்த்தது. அவன் பார்க்கவில்லை."

யெமீமாள் ஒரு கல்லை எடுத்து எறிந்தாள்.

"இப்போது என்ன சொல்கிறான்?"

"பாவம் செய்தேன் என்கிறான். அங்கேதான் எனக்குக் குழப்பம். சவுலும் பாவம் செய்தேன் என்றான், தாவீதும் பாவம் செய்தேன் என்றான். ஆட்டைக் கொல்லாமல் தப்பவிட்ட சவுலுக்கு ராஜ்யம் போனது. ஆளைக் கொன்று அவன் பெண்டாட்டியை எடுத்துக்கொண்ட தாவீதுக்கு ராஜ்யம் நின்றது. இதில் நான் எதைப் பிடித்துக்கொள்வது?"

"எனக்கும் அது பிடிபட்டதில்லை. மேலே சொல்லும்."

"குருவான உங்களுக்கே பிடிபடவில்லை என்றால்?"

"எல்லாம் பிடிபட்டவர்கள் ஊர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே போய்க் கேளும்."

ஆசேல் உட்கார்ந்தான்.

"சவுல் பாவம் செய்தேன் என்று சொன்னபோது கூடவே ஒரு வால் இருந்ததே, நினைவிருக்கிறதா?" என்றாள்.

"இருக்கிறது. பெரியவர்கள் முன்னால் மட்டும் என் மானத்தைக் காப்பாற்றும் என்று தீர்க்கதரிசி சாமுவேலைக் கெஞ்சினான்."

"யாமீனுக்கு வால் உண்டா?"

"உண்டு. இதை ஊர் வாசலில் பெரியவர்கள் முன்னால் கொண்டுபோகாதே அண்ணா, நமக்குள் முடித்துக்கொள்வோம் என்றான்."

"அப்படியானால் சவுல்தான். முடிந்தது. போய்த் தொட்டியை மூடும்."

ஆசேல் எழுந்தான். இரண்டு அடி வைத்தான். திரும்பினான்.

"வெயிலில் உட்கார்ந்திருக்கிறான், அம்மா. தலையெல்லாம் சாம்பல். ஆகாப் எவ்வளவு பொல்லாதவன். திராட்சத் தோட்டத்துக்காகக் கொல்லப்பட்ட நாபோத்தின் ரத்தம் காயுமுன் அந்தத் தோட்டத்தில் போய் நின்றவன். அவன்கூட அங்கியைக் கிழித்துக்கொண்டு தலை குனிந்து நடந்தபோது ஆண்டவர் மனம் இரங்கி, அவன் நாளில் தண்டனை வராது என்று தள்ளிவைத்தாரே."

"அப்படியானால் ஆகாப். போய்த் திறந்துவிடும்."

"அதுவும் முடியவில்லை."

"ஏன், அதற்கு என்ன வந்தது?"

ஆசேல் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"கெசியாள் போய் அவன் அங்கியைக் கிட்டத்தில் பார்த்தாள். 'உங்கள் தம்பி தோள்தையலோடு கிழித்திருக்கிறார். துணியில் ஒரு நூல்கூட அறவில்லை. தண்ணீர் கிடைத்த கையோடு நாலு தையல் போட்டால் பண்டிகைக்கு உடுத்தலாம்' என்றாள்."

யெமீமாள் சிரித்துவிட்டாள்.

"நாளையிலிருந்து கெசியாளை அனுப்பும். நீர் வீட்டில் இரும்."

"சிரிக்காதீர்கள் அம்மா. வயிறு எரிகிறது. தெய்வத்துக்கு முன்னால் கிழிக்கிறவன் தையல் பார்த்தா கிழிப்பான்?"

"ராஜாக்கள் கிழித்த அங்கியையெல்லாம் எவள் உட்கார்ந்து தைத்தாள் என்று எவனும் எழுதிவைக்கவில்லை. யாமீன் பெண்டாட்டியின் வேலையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறான். சரி, உம்முடைய அங்கியைக் கிழியும்."

"என்னுடையதையா? எதற்கு?"

"போன வருஷம் செத்த ஆடுகளுக்கு."

"அது போன வருஷம்."

"வயிறு இந்த வருஷமும் எரிகிறது என்றீரே. கிழியும்."

குரு சொன்னால் மறுக்கக்கூடாது. ஆசேல் கழுத்தோரத்தைப் பற்றினான். மாரிக்காலம் முழுவதும் கெசியாள் தறியில் குனிந்து நெய்த கம்பளி. இன்னும் ஒருதரம்கூடத் துவைக்காதது. அவன் விரல்கள் துணியை இறுக்கின, விட்டன, மெல்ல நகர்ந்தன. தோளுக்குப் போய்த் தையலைத் தேடிப் பிடித்தன.

பிடித்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

யெமீமாள் முறத்தைவிட்டுத் தலை நிமிரவில்லை.

"என்ன, நல்ல துணியா?"

"கெசியாள் நெய்தது."

"வேண்டாம் என்றால் விட்டுவிடும். அவள் கை வலித்ததுதான் மிச்சமாகும்."

ஆசேலின் கை இறங்கியது. பிறகு கேட்டான்:

"நானும் அவனும் ஒன்று என்கிறீர்களா?"

"நான் பயற்றில் கல் பொறுக்குகிறேன். நான் எங்கே என்ன சொன்னேன்?"

"ஒன்று என்றால் நான் தண்ணீர் கொடுக்கவேண்டும்."

"அப்படி நான் சொல்லவில்லை."

"அப்படியானால் கொடுக்கவேண்டாம்."

"அதையும் சொல்லவில்லை."

"கொடுத்தால் முன்மாரிவரை எங்களுக்கே போதாமல் போகலாம். மறுபடியும் கெசியாள்தான் பள்ளத்தாக்குக்கு இறங்கவேண்டும்."

"போதாமல் போகலாம். அவளைக் கேட்டீரா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாள்?"

"தையலைப் பற்றி எல்லாம் பேசிவிட்டு, 'அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் காலையிலிருந்து குடிக்கவில்லை போலிருக்கிறது' என்றாள். திட்டுகிறாளா, இரங்குகிறாளா, அதுவும் எனக்குப் புரியவில்லை."

"இரண்டும்தான். உமக்கு எதையும் ஒவ்வொன்றாகக் கொடுத்தால்தான் புரியும் போலிருக்கிறது."

ஆசேல் தலையைப் பிடித்துக்கொண்டான். வெளியே வெயில் பாறைமேல் ஏறிவிட்டிருந்தது.

"கடைசியாக ஒன்று. ஆகாப் எங்கே கிழித்தான்? தையலிலா, துணியிலா?"

"யாருக்குத் தெரியும்."

"ஆண்டவருக்குத் தெரிந்திருக்குமா?"

"கெசியாள் கண்ணுக்கே தப்பவில்லை. ஆண்டவர் கண்ணுக்குத் தப்புமா?"

"தெரிந்துமா அவனுக்கு இரங்கினார்?"

"இரங்கினார்."

"ஏன்?"

யெமீமாள் எழுந்தாள். பயற்றைப் பானையில் கொட்டி மூடினாள். முறத்தைத் தட்டிச் சுவரில் சாய்த்தாள்.

"அந்தக் கேள்வியை நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஆசேல். இன்னும் பதில் வரவில்லை. வந்ததும் உமக்குத்தான் முதலில் சொல்லி அனுப்புவேன். யாமீனின் பிள்ளைகள் அதுவரைக்கும் தாகம் தாங்குவார்களா என்று மட்டும் போய்க் கேட்டுவிட்டு வாரும்."