எண்ணெய் விழுந்த கிடா

பனைவிளைக்காரர்களிடம் ஒரு நல்ல குணம். கோயிலில் சொன்னதை அப்படியே செய்துவிடுவார்கள். யோசிக்கிற தொல்லையெல்லாம் வைத்துக்கொள்வதில்லை.

ஒருநாள் வெளியூர் உபதேசியார் வந்தார். "ராஜாவை வைக்கிறது கடவுள். அவன் தலையில எண்ணெய் ஊத்துறது மனுஷக் கை இல்ல. அவனை எதிர்க்கிறவன் கடவுளை எதிர்க்கிறான். கெட்ட ராஜான்னா, அது நம்ம பாவத்துக்குத் தண்டனை, பொறுத்துக்கிடணும்" என்று பிரசங்கம் பண்ணி, கோழிக்குழம்பும் சாப்பிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஊர்சுற்றிக் கிடா ஒன்று கோயிலுக்குள் புகுந்து தூணை முட்டியது. விளக்குக்கு வைத்திருந்த புன்னை எண்ணெய்ப் பானை அதன் தலையிலேயே கவிழ்ந்தது.

"யாருவே ஊத்துனது?" என்றார் ஊர்ப் பெரியவர் சந்தியாகு.

"யாரும் ஊத்தலியே" என்றான் மிக்கேல்.

"அப்ப கடவுள்தான்!"

எல்லாரும் முழங்காலில் விழுந்தார்கள்.

ராஜா நேரே விதவை ஞானப்பூவின் பூசணித் தோட்டத்துக்குப் போனார். அந்த வருஷத்துக் கஞ்சிக்கு அவளுக்கு அது ஒன்றுதான். அவள் கம்பை எடுத்தாள். சந்தியாகுவும் மிக்கேலும் சேர்த்து ஆறு ஆம்பிளைகள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார்கள்.

"ஏ ஞானப்பூ, கடவுளையா அடிக்கப் போற?" என்றார் சந்தியாகு.

"ஆட்டை அடிக்கப் போறேன், அண்ணாச்சி!"

"கெட்ட ராஜான்னே வச்சுக்க. நீ என்ன பாவம் செஞ்சியோ!"

"பாவம் நான் செஞ்சேன்னா, வர்ற வழியில உம்ம வேட்டியை ஏன் தின்னுச்சு?"

சந்தியாகு யோசித்தார். "அது வரி."

ஞானப்பூ அழுதாள். "எண்ணெய் போனாலாவது இறங்குவாரா உங்க ராஜா?"

"எண்ணெய் போனா இறங்குவார். ஆனா கழுவுறது மனுஷக் கையா இருக்கக் கூடாது."

சொல்லி வைத்த மாதிரி ஒரு மழை கொட்டி நின்றது. கிடா நடுத்தோட்டத்தில் நின்று ஒரு சிலுப்பு சிலுப்பியது. எண்ணெயும் தண்ணியுமாய் ஏழு பேர் தலையிலும் தெறித்தது.

மிக்கேல் கிடாவைத் தடவிப் பார்த்தான். "சொட்டு எண்ணெய் இல்ல. எல்லாம் நம்ம மேல!"

"அப்ப நாமதான் ராஜா" என்றார் சந்தியாகு. முதுகு தானாக நிமிர்ந்தது.

"நல்லதாப் போச்சு" என்று ஞானப்பூ மறுபடி கம்பை ஓங்கினாள்.

"கூடாது! ராணி ஆடு விரட்டலாமா? அதெல்லாம் குடியானவன் வேலை."

குடியானவனைத் தேடினார்கள். எண்ணெய் இல்லாத தலை அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சந்தியாகு அதன் முன்னால் போய் நின்றார்.

"ஏ குடியானவனே! தோட்டத்துல ஒரு ஆடு மேயுது. உடனே விரட்டு. இது ராஜ கட்டளை."

கிடா கடைசிப் பூசணியிலிருந்து தலையைத் தூக்கி, "மே" என்றது.

"கேட்டியளா?" என்று சந்தியாகு பூரித்துப்போனார். "ஆட்டை என்னமா அதட்டுறான்!"