கரடி வேண்டாமென்ற இரண்டாம் பங்கு

ஓடைக்கரையில் கரடி ஒன்று தேன்கடை வைத்திருந்தது. சுரைக்குடுக்கைகளில் தேனை நிரப்பி, வாயை மெழுகால் அடைத்து, வரிசையாகத் தொங்கவிட்டிருக்கும். கடையில் துணைக்கு ஒரு மரநாய் இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். கடை வைத்தவர்கள் எல்லோரும் பருவத்துக்கு ஒரு பங்கை ஆமையிடம் கொடுத்து வைப்பார்கள். யார் கடையில் திருட்டுப் போனாலும், அந்தப் பொதுச் சேமிப்பிலிருந்து ஆமை ஈடு கொடுக்கும்.

பங்கு வாங்க வந்த ஆமை கேட்டது: "அண்ணே, இது வெளித்திருடனுக்கான பங்கு. கடையில இருக்கிறவங்களே கை வச்சா ஈடு வேணும்னா, இரண்டாவது பங்கு ஒண்ணு வைக்கணும். வைக்கிறீங்களா?"

கரடிக்குச் சுருக்கென்றது. மரநாய் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

"என் குகையில சாப்பிட்டு வளர்ந்தவன் இவன். இவன் முன்னாடியே இப்படிக் கேக்க உனக்கு நாக்கு கூசலையா?"

மரநாய் கண்ணைத் துடைத்துக்கொண்டது. கரடிக்கு இன்னும் மனம் இளகிவிட்டது. இரண்டாம் பங்கு வேண்டாமென்று சொல்லிவிட்டு, அதற்கு ஆகும் செலவில் கடையைச் சுற்றி முள்வேலி போட்டது. வேலிக்கு முள் வெளிப்பக்கம் பார்த்துத்தானே இருக்கும்? வேலி வாசலில் இருந்த படலைக் காக்கும் பொறுப்பையும் மரநாயிடமே கொடுத்தது.

மழைக்காலம் வந்தது. மழையில் புதுத்தேன் கிடைக்காது. கரடிக் குட்டிகளுக்கு அந்தக் குடுக்கைகள்தான் சோறு. கரடி ஒன்றை இறக்கியது. கனமே இல்லை! பதறிப்போய் எல்லாவற்றையும் இறக்கியது. வாயில் அடைத்த மெழுகு அப்படியே இருந்தது. அடியில் மட்டும் சின்ன ஓட்டை, அதை மூடிய புது மெழுகு. மரநாயைத் தேடினால் ஆளையே காணோம்.

ஆமை வந்து சுற்றிப் பார்த்தது.

"வேலியில ஒரு முள்ளுகூடச் சாயலை அண்ணே. வெளியிலேருந்து யாரும் வரலை. பொதுச் சேமிப்பு எல்லாருக்கும் சொந்தம். நீங்க வைக்காத பங்குக்கு நான் அதுலேருந்து எடுத்துத் தர முடியாது."

கரடிக்கு அழுகை வந்தது. "அவன் திருடுவான்னு உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியாது. நானும் நல்லவன்னுதான் நினைச்சேன்."

"பின்னே எதுக்குக் கேட்டே?"

"எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான். என் கிழங்குக் கடைக்கும் அந்தப் பங்கை வச்சிருக்கேன். அங்கே வேலை பார்க்கிறது என் கூடப்பிறந்த தம்பி. அந்தப் பங்கைத் தூக்கிட்டு வந்ததே அவன்தான்."

கரடி தலை குனிந்தது. ஆமை தன் கடைக் கிழங்கில் கொஞ்சத்தைக் கரடிக் குட்டிகளுக்குக் கொடுத்தது. தேன் தின்று பழகிய குட்டிகள் அதை முகம் சுளித்துத் தின்றன.

கூட இருப்பவரை நம்புவது நல்ல குணம்தான், ஆனால் அந்த நம்பிக்கையைக் காரணம் காட்டிக் காப்பை வேண்டாமென்று சொல்லிவிடக் கூடாது.